ஒத்திகை நின்று போனால் என்ன செய்வது? சமூக ஆர்கெஸ்ட்ராவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

நான் ஆர்கெஸ்ட்ராவில் சேர்ந்துவிட்டேன் என்று போனில் சொன்னதும் அம்மா கேட்டது: "கல்யாண ரிசப்ஷன்ல சினிமாப் பாட்டு பாடுவாங்களே, அதுவா?" அம்மாவைச் சொல்லிக் குற்றமில்லை. நம் ஊரில் ஆர்கெஸ்ட்ரா என்றாலே கீபோர்டு, டிரம்ஸ், கலர் லைட், "அடுத்ததாக ஒரு ஜோடிப் பாடல்" என்று மைக்கில் சொல்பவர். நான் சேர்ந்தது வேறு. அமெரிக்காவில் ஓரளவு பெரிய ஊராக இருந்தால் அங்கே பெரும்பாலும் ஒரு சமூக ஆர்கெஸ்ட்ரா இருக்கும். பல் டாக்டர், ஓய்வு பெற்ற தபால்காரர், கணக்கு டீச்சர், கல்லூரிப் பையன் என்று ஐம்பது அறுபது பேர். வாசிப்பவர் யாருக்கும் சம்பளம் கிடையாது, நாம்தான் சந்தா கட்ட வேண்டும். வாரத்தில் ஒரு மாலை பள்ளிக்கூட ஹாலில் ஒத்திகை, வருடத்துக்கு மூன்று நான்கு கச்சேரி.

சென்னையில் தரையில் சம்மணமிட்டு, வயலின் தலையைக் கணுக்காலில் ஊன்றிக் கர்நாடக சங்கீதம் கற்றவன் நான். நியூ ஜெர்சிக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்து வாசிக்கப் பழகி, இரண்டாம் வயலின் வரிசையில் கடைசி ஸ்டாண்டில் ஓர் இடம் பிடித்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. அப்போதுதான் 2020 மார்ச் வந்தது. கமிட்டியில் வேலை செய்ய ஆள் இல்லை என்று என்னையும் இழுத்துவிட்டார்கள். அடுத்த ஒன்றரை வருடத்தில் பட்ட பாட்டிலிருந்து இதை எழுதுகிறேன். கொரோனாதான் முடிந்துவிட்டதே என்று விட்டுவிட வேண்டாம். ஒவ்வொரு குளிர்காலத்திலும் ஒரு காய்ச்சல் அலை வருகிறது. எங்கள் வரிசையிலேயே எழுபது தாண்டியவர்கள் உண்டு, சிறுநீரகம் மாற்றிக்கொண்டவர் உண்டு. இதில் பாதி இப்போதும் தேவைப்படும்.

படி 1: நிறுத்துங்கள், கலைத்துவிடாதீர்கள்

எதற்காக நிறுத்த வேண்டும் என்று யாராவது கேட்டால் ஓர் உதாரணம் போதும். வாஷிங்டன் மாநிலத்தில் மவுன்ட் வெர்னன் என்ற ஊரில் ஸ்காஜிட் வேலி கோரல் என்ற பாடகர் குழு 2020 மார்ச் 10 அன்று வழக்கம்போல ஒத்திகைக்குக் கூடியது. வந்தவர்கள் 61 பேர். இரண்டரை மணி நேரம். ஒருவருக்கு மட்டும் சளி மாதிரி இருந்தது. அந்த ஒரு மாலையால் மேலும் 52 பேருக்கு நோய் வந்தது, இரண்டு பேர் இறந்தார்கள். யாரும் விதி எதையும் மீறவில்லை, அப்போது விதியே இருக்கவில்லை. சேர்ந்து மூச்சு விடுவதுதான் இந்தக் கலை என்பதால், மூச்சில் பரவும் நோய் வந்தால் முதலில் நிற்பதும் நாம்தான்.

ஆனால் "அடுத்த அறிவிப்பு வரும் வரை ஒத்திகை இல்லை" என்று ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிட்டு வீட்டில் உட்கார்ந்தால் குழு செத்துவிடும். நாங்கள் முதல் மூன்று வாரம் அதைத்தான் செய்தோம். நான்காவது வாரம் ஒரு செல்லோக்காரர் (செல்லோ என்பது வயலின் குடும்பத்துப் பெரிய வாத்தியம்) தன் வாத்தியத்தை விற்கப்போவதாகச் செய்தி வந்தது. அதற்குப் பிறகுதான் போன் வரிசை ஒன்று ஏற்படுத்தினோம்: ஒவ்வொரு பிரிவுத் தலைவரும் தன் பிரிவில் எல்லோரையும் வாரம் ஒரு முறை கூப்பிட வேண்டும். குறுஞ்செய்தி கூடாது, குரல்தான். பேச ஒன்றும் இல்லாவிட்டாலும் சரி, "நேத்து என்ன வாசிச்சீங்க?" என்று கேட்டால் போதும். செல்லோ விற்கப்படவில்லை.

அப்புறம் பணக் கணக்கு. ஹாலுக்குக் கட்டிய முன்பணத்தை உடனே எழுத்தில் கேளுங்கள். வாடகைக்கு எடுத்த இசைத்தாள்கள் இருந்தால் பதிப்பகத்துக்குத் திருப்பி அனுப்பும் தேதியைப் பாருங்கள், தாமதத்துக்கு அபராதம் உண்டு. பல குழுக்களில் சம்பளம் வாங்குபவர், முன்னால் நின்று கையசைத்து நடத்தும் கண்டக்டர் ஒருவர்தான். அவருக்குப் பாதியாவது தொடர்ந்து கொடுங்கள் என்பது என் கட்சி. கமிட்டியில் அதற்கு எதிர்ப்பு இருந்தது. நாற்காலி எண்ணுவதை யாரும் செய்யலாம், ஐம்பது பேரை ஒரு கைக்குச்சிக்குக் கட்டுப்படுத்துகிறவர் போய்விட்டால் திரும்பக் கிடைக்க மாட்டார்.

படி 2: காற்றுக் கணக்கு

திரும்பச் சேர்ந்து வாசிக்கலாம் என்று அரசு அனுமதித்த பிறகு, யார் வரலாம், எத்தனை பேர், எவ்வளவு நேரம் என்று சண்டை வரும். கருத்து கேட்டுக்கொண்டிருந்தால் முடிவே வராது. காற்றை அளந்தால் வரும்.

2020 கோடையில் நூற்றுக்கும் மேற்பட்ட இசை, நாடக அமைப்புகள் சேர்ந்து பணம் போட்டு, கொலராடோ பல்கலைக்கழகத்திலும் மேரிலேண்ட் பல்கலைக்கழகத்திலும் ஆய்வு செய்யவைத்தார்கள். ஊதும் கருவிகளிலிருந்து எவ்வளவு நுண்துளி வெளிவருகிறது, எங்கே போகிறது என்பதுதான் கேள்வி. அதிலிருந்து வந்த பரிந்துரைகளைத்தான் அமெரிக்காவின் பள்ளி பேண்டுகள் பிடித்துக்கொண்டன. நாங்களும் அவற்றையே பின்பற்றினோம். ஆளுக்கு ஆள் 6 அடி இடைவெளி. டிராம்போனுக்கு மட்டும் முன்பக்கம் 9 அடி, அந்தக் குழாய் நீண்டு நீண்டு வருவதால். உள்ளே ஒரே மூச்சில் 30 நிமிடத்துக்கு மேல் வேண்டாம், பிறகு எல்லோரும் வெளியே போய் அறைக் காற்று மாறட்டும். ஊதுகிறவர்களுக்கு வாய்க்கு நேரே பிளவு வைத்துத் தைத்த மாஸ்க். டிரம்பெட், டிராம்போன் வாய்க்குத் துணி உறை. குழாயில் சேரும் எச்சில் தண்ணீரை யாரும் தரையில் கொட்டக்கூடாது. நாய்க்குட்டிகளுக்கு விரிக்கிற உறிஞ்சு விரிப்பு கடையில் கிடைக்கும், அதை ஆளுக்கு ஒன்று காலடியில் போட்டுவிட்டால் சரி. பார்க்கச் சிரிப்பாகத்தான் இருக்கும்.

புதியவர்கள் முதலில் வாங்க வேண்டிய பொருள் கார்பன் டை ஆக்சைடு மீட்டர். நாம் விடுகிற மூச்சு அறையில் எவ்வளவு தேங்கியிருக்கிறது என்று அது காட்டும். வெளிக்காற்றில் 420 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு என்ற அளவு) சுமார் இருக்கும். ஹாலில் 800-க்குள் இருந்தால் பரவாயில்லை. எங்கள் ஹாலில் முதல் நாள், முப்பது பேர், ஜன்னல் மூடியிருக்க, இருபது நிமிடத்தில் 1,400-ஐத் தொட்டது. இரண்டு பக்கக் கதவையும் திறந்தவுடன் எண் இறங்குவதை எல்லோரும் பார்த்தார்கள். அதற்குப் பிறகு ஜன்னல் பற்றி ஒருவரும் வாதாடவில்லை. குளிர்கிறது என்று மட்டும் புலம்பினார்கள்.

நுண்துகளைப் பிடிக்கும் விலை உயர்ந்த ஹெப்பா காற்று வடிகட்டி வாங்கக் காசு இல்லையென்றால் பெட்டி செய்யலாம். ரிச்சர்ட் கோர்சி, ஜிம் ரோசன்தால் என்ற இருவர் 2020-ல் சொன்ன யோசனை இது, அவர்கள் பெயரிலேயே வழங்குகிறது. 20 அங்குலச் சதுர மின்விசிறி ஒன்று, அதே அளவில் மெர்வ் 13 என்று தரம் குறித்த காற்று வடிகட்டி நான்கு. வடிகட்டிகளை நான்கு சுவராக நிறுத்தி டேப்பால் ஒட்ட வேண்டும். அடியில் அட்டை, மேலே மின்விசிறி, காற்றை வானத்தைப் பார்த்து ஊதும்படி. வடிகட்டியின் விளிம்பில் ஓர் அம்புக்குறி இருக்கும், அது பெட்டிக்குள் பார்க்க வேண்டும். நான் செய்த முதல் பெட்டியில் ஒன்று மட்டும் தலைகீழ். பிரித்து மறுபடி ஒட்டினேன். விசிறியை முழு வேகத்தில் வைத்தால் இரைச்சல் மெல்லிய இடங்களை விழுங்கிவிடும். நடு வேகத்தில் இரண்டு பெட்டி வைப்பது ஒரு பெட்டியை அலறவிடுவதைவிட நல்லது.

இடம் போதாவிட்டால் குழுவைப் பிரித்துவிடுங்கள். தந்திக் கருவிக்காரர்கள் முழு மாஸ்க்குடன் வாசிக்கலாம், அதனால் அவர்கள் முதலில். தந்திக் கருவிகளுக்கென்றே எழுதிய நல்ல இசைக்குப் பஞ்சம் இல்லை: சைக்கோவ்ஸ்கியின் தந்தி செரனேட், கிரீகின் ஹோல்பெர்க் தொகுப்பு. இரண்டும் காப்புரிமை முடிந்தவை, தாள்கள் இணையத்தில் இலவசம். ஊதுகிறவர்கள் வேறொரு நாள், முடிந்தால் வெளியே. மொசார்ட் பதின்மூன்று பேருக்கென்று எழுதிய செரனேடில் பன்னிரண்டு பேர் ஊதுகிறவர்கள், ஒருவர் மட்டும் டபுள் பாஸ். எங்கள் ஊதல்காரர்கள் அதில் மூன்று பகுதிகளைத் தேற்றிவிட்டு, வாழ்நாளில் இவ்வளவு நன்றாக வாசித்ததில்லை என்றார்கள். உண்மைதான், ஒளிந்துகொள்ள இடமில்லாமல் போனதால்.

படி 3: திரைக்குள் போவதற்கு முன்

எல்லாப் புதியவர்களும் கேட்கும் கேள்வி: "ஜூம்ல எல்லாரும் சேர்ந்து வாசிக்கலாமே?" முடியாது. ஏன் என்று ஒரு முறை புரிந்துகொண்டால் நிறைய ஏமாற்றம் மிச்சம்.

ஒலி காற்றில் வினாடிக்கு ஏறக்குறைய 343 மீட்டர் போகிறது. மேடையில் 10 மீட்டர் தள்ளி இருப்பவர் வாசிப்பது நம் காதுக்கு வர 30 மில்லி வினாடி ஆகும். அதனால்தான் பின்வரிசைக்காரர்கள் காதை நம்பாமல் கண்டக்டர் கையைப் பார்க்கிறார்கள். தாமதம் அதற்கு மேல் போனால் ஒவ்வொருவரும் மற்றவருக்காகக் காத்திருப்பார்கள். பஸ் படியில் "நீங்க ஏறுங்க", "இல்ல, நீங்க ஏறுங்க" என்று இருவர் நிற்பது போல. வேகம் குறைந்துகொண்டே போய் நின்றுவிடும். ஜூமில் தாமதம் அதைவிடப் பல மடங்கு. போதாக்குறைக்கு அது பேச்சுக்காகச் செய்தது என்பதால், நீண்ட வயலின் சுரத்தை மின்விசிறிச் சத்தம் என்று நினைத்து அழித்துவிடும். ஆடியோ அமைப்பில் ஒலியை மாற்றாமல் அப்படியே அனுப்பும் தேர்வு ஒன்று இருக்கிறது. தனியாக ஒருவர் வாசித்துக் காட்ட, ஆசிரியர் திருத்த அதை இயக்கிக்கொண்டால் போதும்.

உண்மையாகவே சேர்ந்து வாசிக்க வேண்டுமென்றால் ஜாமுலஸ், ஜாக்டிரிப் போன்ற இலவச மென்பொருட்கள் இருக்கின்றன. ஜாக்டிரிப் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் கணினி இசை மையத்தில் உருவானது. இவற்றுக்கு நிபந்தனை மூன்று: வை-ஃபை கூடாது, ரூட்டரிலிருந்து வயர் இழுக்க வேண்டும். புளூடூத் ஹெட்போன் கூடாது. எல்லோரும் ஒரே வட்டாரத்தில் இருக்க வேண்டும். கடைசி நிபந்தனையை யாராலும் மீற முடியாது. கண்ணாடி இழையில் ஒளி வினாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர்தான் போகும். நியூ ஜெர்சியிலிருந்து சென்னைக்கு நேர்க்கோட்டிலேயே 13,000 கிலோமீட்டருக்கு மேல். ஒரு பக்கம் போகவே 65 மில்லி வினாடி. மயிலாப்பூரில் இருக்கும் என் பழைய வாத்தியாருடன் சேர்ந்து வாசிக்கும் ஆசையை அந்தக் கணக்கோடு மூட்டை கட்டினேன். எங்கள் குழுவில் ஆறு பேர் ஜாமுலஸில் நிலைத்தார்கள். மற்றவர்கள் வயர் வாங்கும் கட்டத்திலேயே கழன்றுகொண்டார்கள்.

மிச்சம் இருப்பது, ஒவ்வொருவரும் வீட்டில் தனியாகப் பதிவு செய்து ஒட்டும் வீடியோ. 2020 மார்ச்சில் ராட்டர்டாம் ஃபில்ஹார்மோனிக் கலைஞர்கள் அவரவர் வீட்டிலிருந்து பீத்தோவனை வாசித்து வெளியிட்டார்கள். அதைப் பார்த்து உலகத்தில் பாதிக் குழுக்கள் இறங்கின, நாங்களும்தான். செய்யப்போகிறீர்கள் என்றால்:

முதலில் மூன்று நான்கு நிமிடத்துக்குள் முடியும் இசையை எடுங்கள். வேகம் அடிக்கடி மாறாத ஒன்று. கண்டக்டர் கையசைக்கும் வீடியோவில் "டிக் டிக்" சேர்த்து வழிகாட்டிப் பதிவு ஒன்று செய்து எல்லோருக்கும் அனுப்புங்கள். சுருதி, அதாவது 'ஏ' சுரம், 440 ஹெர்ட்ஸ் என்று எழுதியே அனுப்புங்கள், சொல்லாவிட்டால் ஆளாளுக்கு ஒன்று வைப்பார்கள். ஒரு காதில் மட்டும் ஹெட்போன், மற்ற காது தன் வாத்தியத்துக்கு. போன் படுக்கை வாட்டில். தொடக்கத்தில் "டிக்"குடன் சேர்ந்து ஒரு முறை கை தட்டச் சொல்லுங்கள். ஒட்டுகிறவருக்கு அந்தத் தட்டல்தான் பிடிமானம், அது இல்லாத பதிவைச் சரிக்கட்ட ஒரு மாலை போய்விடும். கோப்புக்குப் பெயர் வைக்கும் முறையையும் சொல்லிவிடுங்கள். எங்களுக்கு வந்த நாற்பத்தொரு பதிவில் பதினொன்றின் பெயர் "ஃபைனல்".

என் பதிவில் 47-ஆம் வினாடியில் குக்கர் விசில். எனக்குக் கேட்கவே இல்லை, ஒரு காதில் ஹெட்போன், மறு காதில் வயலின். ஒட்டிக்கொண்டிருந்த கிளாரினெட்காரர் அதை ஓபோ என்ற ஊதல் கருவி தவறாக நுழைந்துவிட்டது என்று நினைத்து, பாவம், அந்த ஓபோக்காரரை இரண்டு முறை மறுபதிவு செய்யவைத்தார். மூன்றாவது முறைதான் "இது ஓபோ இல்லை" என்று கண்டுபிடித்தார்கள். அன்றைக்குப் பருப்பு நன்றாக வெந்திருந்தது.

சரி, இந்த வீடியோவால் பயன் உண்டா? பார்ப்பவர்களுக்கு உண்டு. வாசிப்பவர்களுக்கு, என் அனுபவத்தில், குறைவு. தனியறையில் "டிக் டிக்"குக்கு வாசிப்பது வேலை மாதிரித்தான் இருந்தது. ஒன்று செய்யுங்கள், இரண்டு செய்யுங்கள், அதையே வழக்கமாக்கிவிடாதீர்கள். வாரம் ஒரு நாள் நால்வர் கார் ஷெட் வாசலில் தள்ளித் தள்ளி உட்கார்ந்து வாசித்தது எங்களை அதைவிட அதிகமாகத் தாங்கியது.

படி 4: வெளியே

இதற்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தாள்களைப் பிடிக்கத் துணிக்கு மாட்டும் கிளிப், ஸ்டாண்டுக்கு நான்கு. நிழல் இல்லாத இடத்தில் வயலின் வார்னிஷ் இளகும், பசை விடும், அதனால் நல்ல வாத்தியத்தை வீட்டில் வைத்துவிட்டுப் பழைய ஒன்றை எடுத்துவாருங்கள். குளிரில் கிளாரினெட், ஓபோ மரம் வெடிக்கும், அவர்களைக் கட்டாயப்படுத்தாதீர்கள். திறந்தவெளியில் ஒலி திரும்பி வராது, ஒவ்வொருவரும் தான் மட்டும் வாசிப்பதாக நினைத்து அழுத்துவார்கள். சுவர் ஒன்றுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தால் தேவலை. பக்கத்து வீட்டுக்காரரிடம் முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள். அவரே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவார்.

படி 5: நோயாளி முன்னால் வாசிப்பது

இந்தப் படிக்கு வரும்போது புதியவர்களுக்கு உற்சாகம் எல்லை மீறும். இசை எந்த நோயையும் குணப்படுத்தும், இந்த ராகத்துக்கு இந்த வியாதி என்று வாட்ஸ்அப்பில் வருவதை எல்லாம் கொண்டுவருவார்கள். நிதானமாக இருங்கள். இசை உடலுக்கும் மனதுக்கும் உதவுகிறது என்பதற்கு நிறையவே ஆதாரம் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பியப் பிரிவு 2019-ல் வெளியிட்ட அறிக்கை, கலைகளும் ஆரோக்கியமும் பற்றி 3,000-க்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் திரட்டியது. ஆனால் எந்த உதவி, யாருக்கு, எவ்வளவு என்று பார்த்துத்தான் பேச வேண்டும்.

நல்ல உதாரணம் லண்டனில் இருக்கிறது. இங்கிலீஷ் நேஷனல் ஓபரா 2020-ல் இம்பீரியல் கல்லூரி மருத்துவமனை அறக்கட்டளையுடன் சேர்ந்து ஒரு திட்டம் தொடங்கியது. கொரோனா போயும் மூச்சுத்திணறல் போகாதவர்களுக்கு ஆறு வாரம், இணையம் வழியாக, பாட்டைக்கொண்டு மூச்சுப் பயிற்சி. கற்றுக்கொடுத்த பாடல்கள் பெரும்பாலும் தாலாட்டுகள். நம் மொழியில் தால் என்றால் நாக்கு. நாக்கை ஆட்டிப் பாடுவதுதான் தாலாட்டு. "ஆராரோ" என்று இழுக்கும்போது மூச்சு தானாகவே மெல்ல, நீளமாக வெளியே போகும். மூச்சுத் திணறுகிறவர்களுக்குத் தேவைப்படுவதும் அதுதான். 150 பேரை வைத்துச் செய்த சோதனையின் முடிவு 2022-ல் லான்செட் குழும மருத்துவ இதழில் வந்தது. மனநலம் சார்ந்த வாழ்க்கைத்தரம் கூடியது, மூச்சுத்திணறலின் சில அளவுகள் குறைந்தன. உடல்நலம் சார்ந்த மதிப்பெண்ணில் பெரிய வித்தியாசம் இல்லை. அப்படியே அளந்து சொன்னார்கள். நாமும் அப்படியே சொல்வோம்.

அடுத்த விஷயம், நாம் இசைச் சிகிச்சையாளர்கள் இல்லை. அது பட்டமும் மருத்துவமனைப் பயிற்சியும் தேர்வும் உள்ள தொழில். பக்கவாதத்தில் பேச்சு போனவரை மெட்டு வழியாகப் பேசவைப்பது அவர்கள் வேலை. நாம் வாசிக்கப் போகிற விருந்தாளிகள். விருந்தாளி போலவே நடந்துகொள்ள வேண்டும்.

எங்கள் ஊரில் ஒரு முதியோர் இல்லத்தில் பார்வையாளர் தடை இருந்தபோது, நான்கு பேர் ஜன்னலுக்கு வெளியே புல்தரையில் நின்று வாசிக்கப் போனோம். முதல் முறை எல்லாமே சொதப்பல். எங்களுக்குப் பிடித்த வேகமான மொசார்ட்டை எடுத்துப் போயிருந்தோம். ஜன்னல் இரட்டைக் கண்ணாடி, திறக்காது. உள்ளே இருந்தவர்கள் நான்கு பைத்தியங்கள் வில்லை ஆட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பாட்டி மரியாதைக்குக் கையசைத்துவிட்டுத் தூங்கிப்போனார். இரண்டாம் முறை செல்லோ பக்கத்தில் ஒரு போன், உள்ளே ஸ்பீக்கரோடு ஒரு போன், இரண்டுக்கும் அழைப்பு. ஒலி வில்லுக்குச் சற்றுப் பின்னால் போயிருக்கும், யாரும் கவலைப்படவில்லை. அவர்கள் இளவயதில் ஆடிய பழைய வால்ட்ஸ்களை வாசித்தோம். சக்கர நாற்காலியில் இருந்த ஒருவரின் பழுப்புச் செருப்பு முதலில் அசையவே இல்லை. மூன்றாவது வால்ட்ஸில் பெருவிரல் பக்கம் மட்டும் எழுந்து எழுந்து விழுந்தது, ஒன்று இரண்டு மூன்று, ஒன்று இரண்டு மூன்று. முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. உள்ளே இருந்த செவிலியர் குனிந்து அந்தச் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதே இல்லத்தில் ஒரு தமிழ்ப் பாட்டியும் இருந்தார், மகன் வீட்டுக்கு வந்த இடத்தில் தங்கிப்போனவர். தடை தளர்ந்ததும் மாஸ்க்குடன் அவர் அறை வாசலில் நின்று நீலாம்பரியில் ஒரு தாலாட்டு வாசித்தேன். நன்றாகத்தான் வாசித்ததாக நினைப்பு. முடிந்ததும் பாட்டி, "தம்பி, குழந்த தூங்கறதுக்கு முன்னாடி நீ முடிச்சிட்ட. இன்னும் மெதுவா வாசி" என்றார். மறுபடி வாசித்தேன், பாதி வேகத்தில்.

இவற்றிலிருந்து தேறிய நடைமுறை இது. வாசிக்கலாமா என்று இல்லத்திடம் மட்டுமல்ல, அந்த ஆளிடமும் கேளுங்கள். "வேண்டாம்" என்பதற்கு நன்றி சொல்லிவிட்டு நகருங்கள். அந்த இடத்தில் அவர் கையில் இருக்கும் ஒரே அதிகாரம் அதுவாக இருக்கலாம். இருபது நிமிடத்துக்கு மேல் வேண்டாம். சத்தம் வீட்டில் பேசுகிற அளவு. நடக்கும் வேகத்தைவிட மெதுவாக. சென்ட் போடாதீர்கள். வாத்தியத்தைத் துடைத்து எடுத்துப் போங்கள், வில்லில் தடவும் ரோசினத் தூள் படுக்கையருகில் பறக்கக்கூடாது. கேட்பவர் அழுதால் பதறி நிறுத்த வேண்டாம், அவசரமாகக் குதூகலப் பாட்டுக்கும் தாவ வேண்டாம். அந்தப் பாட்டை முடித்துவிட்டு அமைதியாக நில்லுங்கள். மூச்சு வேகமாவது, முகம் சுளிப்பது, கை படுக்கை விரிப்பைப் பிடிப்பது, இவை தெரிந்தால் நிறுத்தலாம்.

பெரிய மேடை தேவையில்லை என்பதற்கு உலகப் புகழ் பெற்ற செல்லோக்காரர் யோ-யோ மா சாட்சி. 2021 மார்ச்சில் மாசசூசெட்ஸில் பிட்ஸ்ஃபீல்டு என்ற ஊரில் இரண்டாவது தடுப்பூசி போட்டுக்கொண்டு, கண்காணிப்புக்காக உட்காரச் சொன்ன பதினைந்து நிமிடத்தில், சுவரோரம் நாற்காலியில் அமர்ந்து செல்லோ வாசித்தார். கேட்டவர்கள் அவரைப் போலவே ஊசி போட்டுக்கொண்டு காத்திருந்தவர்கள்.

குழுவுக்குள்ளேயே மருந்து தேவைப்படும் என்பதையும் மறக்காதீர்கள். பாஸ்டனில் லாங்வுட் சிம்பொனி என்று மருத்துவத் துறையினருக்கென்றே ஓர் ஆர்கெஸ்ட்ரா 1982 முதல் இருக்கிறது. பகலில் வார்டில் இருப்பவர்கள் மாலையில் வாசிக்கிறார்கள். வெர்மான்டில் 2011-ல் மீ டூ என்ற ஆர்கெஸ்ட்ராவைத் தொடங்கிய இருவரில் ஒருவர் ரொனால்ட் பிரவுன்ஸ்டைன். தனக்கு இருமுனைக் கோளாறு இருப்பதை வெளிப்படையாகச் சொன்ன கண்டக்டர் அவர். மனநோய் உள்ளவர்களும் இல்லாதவர்களும் சேர்ந்து வாசிக்கிறார்கள், தேர்வு கிடையாது. உங்கள் ஊர்க் குழுவில் யார் என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று யாருக்கும் தெரியாது. ஒத்திகையைத் தவறவிட்டவரைக் காரணம் கேட்காமல் "அடுத்த வாரம் பார்ப்போம்" என்று சொல்லப் பழகினாலே பாதி வேலை முடிந்தது.

படி 6: திரும்பி வருவது

இதைத்தான் பலர் கோட்டைவிட்டார்கள். தடை நீங்கியதும் பழையபடி இரண்டரை மணி நேர ஒத்திகை, பெரிய சிம்பொனி, ஆறு வாரத்தில் கச்சேரி என்று போட்டார்கள். ஒன்றரை வருடம் சேர்ந்து வாசிக்காத விரல்களும் உதடுகளும் அதைத் தாங்காது. எழுபத்தைந்து நிமிடத்தில் தொடங்குங்கள். எல்லோரும் முன்பே வாசித்த பழைய பாட்டாக எடுங்கள். கொரோனா வந்துபோன ஊதல்காரர்கள் முதலில் ஐந்து நிமிடம், பிறகு பத்து என்று கூட்டட்டும். தலைசுற்றலோ நெஞ்சடைப்போ இருந்தால் டாக்டரைப் பார்த்துவிட்டு வரட்டும். வரப் பயப்படுகிறவரை "இன்னுமா பயம்?" என்று கேட்காதீர்கள். அவர் வீட்டில் யார் இருக்கிறார் என்று நமக்குத் தெரியாது.

நாற்காலி பற்றி ஒன்று. எங்கள் குழுவில் வயலினைவிடச் சற்றுப் பெரிய வியோலா வாசித்த ஒருவர் 2021 ஜனவரியில் இறந்துபோனார், இருபது வருடம் ஒரே இடத்தில் உட்கார்ந்தவர். அந்த நாற்காலியை என்ன செய்வது என்று கமிட்டிக்குத் தெரியவில்லை. நீங்களே முடிவெடுக்காமல் குடும்பத்தைக் கேளுங்கள். அவர் மனைவி சொன்னது இது: முதல் கச்சேரிக்குக் காலியாக இருக்கட்டும், தாள் ஸ்டாண்டில் திறந்தே இருக்கட்டும். அடுத்த வாரமே யாராவது ஒரு சின்னப் பெண்ணை உட்காரவையுங்கள், அவருக்குக் காலி நாற்காலி பிடிக்காது. அப்படியே செய்தோம். இப்போது அங்கே உட்காருவது உயர்நிலைப் பள்ளி மாணவி, தாளில் அவர் பென்சிலில் குறித்த வில் அடையாளங்களைத்தான் பார்த்து வாசிக்கிறாள்.

எங்கள் முதல் முழு ஒத்திகை 2021 செப்டம்பர் கடைசியில். அதுவரை தந்திக்காரர்கள் போனில் இருக்கும் டியூனரை வைத்துத்தான் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தோம். ஆர்கெஸ்ட்ராவில் வழக்கம் என்னவென்றால், ஓபோ ஒரு 'ஏ' சுரம் கொடுக்கும், எல்லோரும் அதோடு சேர வேண்டும். நம் தம்பூரா மாதிரி, ஆனால் அரை நிமிடம்தான். குக்கர் விசிலுக்காக இரண்டு முறை மறுபதிவு செய்த அதே ஓபோக்காரர் எழுந்து நின்று ஊதினார். ஒன்றரை வருடப் பழக்கம் விட்டதில் சுரம் கொஞ்சம் ஆடியது. கண்டக்டர் கையைக் காட்டி எல்லோரையும் நிறுத்தி, அவருக்கு நிலைபடும்வரை காத்திருந்தார். ஜன்னல்கள் திறந்திருந்தன. மீட்டரில் 610. பிறகு வயலின்கள் ஒவ்வொன்றாக உள்ளே வந்தன.